நோயாளியின் நம்பிக்கையையும் நலம் விசாரித்த செவிலியப் பேராசிரியர்



காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். கால் முறிந்தால் எலும்பு மருத்துவரைத் தேடுகிறோம். ஆனால் வீட்டில் ஒருவர் உண்ணாமல், உறங்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால், அல்லது யாரிடமும் பேசாமல் மூலையில் முடங்கிவிட்டால், நம் குடும்பங்களில் முதலில் தொடங்குவது ஒரு வாக்குவாதம். பாட்டி நேர்ச்சை வைக்கச் சொல்வார். சித்தப்பா செபக்கூட்டத்திற்குக் கூட்டிப்போகச் சொல்வார். மருமகள் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்பார். "ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையுமா?" என்று இன்னொருவர் அதைத் தடுப்பார். இத்தனை பேச்சுக்கும் நடுவில், நோயுற்றவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மருத்துவமனைக்குப் போன பிறகும் நிலைமை எப்போதும் மாறிவிடுவதில்லை. மாத்திரைச் சீட்டு கிடைக்கிறது. ஆனால் நோயாளி தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் செபமாலையைப் பற்றியோ, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவர் அழுவதைப் பற்றியோ கேட்பதற்கு அங்கே நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆலயத்தில் நோயைப் பற்றிப் பேச முடியவில்லை. மருத்துவமனையில் இறைநம்பிக்கையைப் பற்றிப் பேச முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் மேடலின் லைனிங்கர். நோயாளியின் பண்பாடும் சமய நம்பிக்கையும் சிகிச்சைக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டிய செருப்பு அல்ல, அவையும் பராமரிப்பின் ஒரு பகுதியே என்று செவிலியர் உலகத்திற்கு எடுத்துச் சொன்னவர். அவரைப் பற்றி நம் பங்குகளில் பலரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அறிந்துகொள்வது பயனுள்ளது.

லைனிங்கர் 1925-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பண்ணை வாழ்க்கை. பிறவி இதயநோயால் துன்புற்ற அத்தை ஒருவரைக் கண்டு வளர்ந்ததே தன்னைச் செவிலியப் பணிக்கு இழுத்தது என்று அவர் சொல்வதுண்டு. அப்போது இரண்டாம் உலகப்போர்க் காலம். செவிலியர் பற்றாக்குறையைப் போக்க அமெரிக்க அரசு தன் செலவில் இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அத்திட்டத்தில் சேர்ந்து, கொலராடோ மாநிலம் டென்வரில் புனித அந்தோனியார் செவிலியர் பள்ளியில் படித்து 1948-இல் தேறினார். 1950-இல் கன்சாஸ் மாநிலம் அட்சிசனில் பெனடிக்டின் சபைக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்பு ஒமாஹா நகரின் புனித யோசேப்பு மருத்துவமனையில் புதிய மனநலப் பிரிவு ஒன்றைத் திறந்து நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1954-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்தில் முதுகலைப் பட்டம் முடித்தார். ஆக, அவருடைய தொடக்கக் கல்வி முழுவதும் திருச்சபையின் நிறுவனங்களில்தான் நடந்தது.

அந்த 1954 என்ற ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். மனச்சிதைவு நோய்க்குப் பயன்பட்ட முதல் மருந்தான குளோர்புரோமசின் அமெரிக்காவில் புழக்கத்திற்கு வந்ததும் அதே ஆண்டுதான். அதுவரை பெரிய பெரிய மனநோய் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதே வழக்கம். 1955-இல் அந்நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். மனநல மருத்துவத்தில் பிராய்டின் கருத்துகள் கோலோச்சிய காலமும் அதுவே. அவர் சமய நம்பிக்கையை மனிதன் வளர்த்துக்கொண்ட ஒரு மாயையாகவே பார்த்தவர். அப்படிப்பட்ட சூழலில் ஒரு நோயாளி தன் செபத்தைப் பற்றிப் பேசினால், அதுவும் நோயின் அறிகுறி என்றே குறித்துக்கொள்ளப்படும் அபாயம் இருந்தது.

முதுகலை முடித்த லைனிங்கர் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்திற்குப் போய், குழந்தைகளுக்கான மனநலச் செவிலியத்தில் முதுகலைப் பயிற்சியைத் தொடங்கினார். அங்கே குழந்தைகள் மனநல இல்லம் ஒன்றில் பணியாற்றியபோதுதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. சின்சினாட்டி பலதரப்பட்ட மக்கள் குடியேறிய நகரம்: ஜெர்மானிய வம்சாவளியினர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தார், அப்பலாச்சிய மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள், யூதர்கள். அவர்களின் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே பாடப்புத்தகத்தை வைத்து அணுகினால் பலன் கிடைக்கவில்லை. உண்பதில், உறங்குவதில், விளையாடுவதில், யாரிடம் ஆறுதல் தேடுவது என்பதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வழக்கத்தையே தேடியது. ஒரு பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தது இன்னொரு பிள்ளைக்கு மிரட்சியாக இருந்தது. இவையெல்லாம் நோயா, அல்லது வளர்ப்பா? தான் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லை என்பது அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது. சின்சினாட்டியில் மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்குடன் சேர்ந்து லைனிங்கர் எழுதிய மனநலச் செவிலியப் பாடநூல் 1960-இல் வெளிவந்தது. அதே ஹாஃப்லிங் 1966-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மிகவும் பேசப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவர் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு தொலைபேசியில் ஆணையிட்டால், அனுமதிக்கப்பட்டதைப் போல் இருமடங்கு மருந்தைக்கூடச் செவிலியர் கொடுக்கப் போவார்களா என்று சோதித்தார்கள். 22 பேரில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள்! (தக்க சமயத்தில் தடுக்கப்பட்டார்கள், மருந்தும் வெறும் சர்க்கரைதான்.) சொன்னதைச் செய் என்று மட்டுமே பழக்கப்பட்டிருந்த ஒரு பணி அது. அப்படிப்பட்டவர்களிடம் போய், நோயாளியின் அருகில் உட்கார்ந்து அவருடைய வீட்டையும் வழிபாட்டையும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

அந்நாளில் சின்சினாட்டிக்கு வருகைப் பேராசிரியராக வந்திருந்தார் புகழ்பெற்ற மானிடவியலாளர் மார்கரெட் மீட். அவருடன் பேசியபோது, செவிலியமும் மானிடவியலும் கைகோர்க்க வேண்டியவை என்ற எண்ணம் லைனிங்கருக்கு உறுதிப்பட்டது. ஏற்கெனவே பேராசிரியராக இருந்தவர், மீண்டும் மாணவியாகி சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார். முதுகலை படித்த செவிலியர் ஒருவர் மானிடவியலில் முனைவரானது அதுவே முதன்முறை.

அந்தப் பட்டத்திற்காக அவர் சென்ற இடம் நியூகினியின் கிழக்கு மலைநாடு. அது இன்றைய பாப்புவா நியூகினி. அப்போது ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே கட்சுப் என்ற பழங்குடி மக்களின் இரண்டு ஊர்களில், 1960-களின் தொடக்கத்தில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனியாகத் தங்கினார். மின்சாரம் இல்லை, மருத்துவமனை இல்லை, மொழியும் புதிது. நாள் கணக்கில் அவர் செய்த வேலை பார்ப்பதும் கேட்பதும்தான். தொடக்கத்தில் அவரை அந்நியராகவே வைத்துச் சோதித்தார்கள். நம்பிக்கை பிறந்த பிறகே தங்கள் நோய், மருந்து, தீவினை, பிறப்பு, இறப்பு பற்றி மனம் திறந்தார்கள். அந்நியர் என்ற நிலையிலிருந்து நம்பிக்கைக்குரிய நண்பர் என்ற நிலைக்கு வரும்வரை ஒருவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி மேலோட்டமானதே என்று அவர் பிற்பாடு தம் மாணவர்களுக்கு ஒரு பாடமாகவே வகுத்துக் கொடுத்தார். இல்லங்களைச் சந்திக்கும் அன்பிய உறுப்பினர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

கட்சுப் மக்களிடம் அவர் கண்டது என்ன? நோய் வந்தபின் குணமாக்குவதை விட, நோய் வராமல் காப்பதே அவர்களுக்குப் பராமரிப்பு. ஊட்டி வளர்ப்பது, ஒருவரை அருகிலும் தொலைவிலும் இருந்து கவனித்துக்கொண்டே இருப்பது, தீங்கு அணுகாமல் பாதுகாப்பது. "கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது" என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு மக்களிடமும் பராமரிப்பு என்ற ஒன்று உண்டு, ஆனால் அதன் வடிவம் ஊருக்கு ஊர் மாறும் என்ற அவரது கோட்பாட்டின் விதை அங்கேதான் விழுந்தது.

அதன்பின் அவர் ஏறிய படிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1966-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பண்பாடு கடந்த செவிலியம் என்ற பாடத்தை முதன்முதலாக நடத்தினார். 1969-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகச் செவிலியக் கல்லூரியின் தலைவரானார். 1974-இல் இந்தத் துறைக்கென்றே ஒரு சங்கம் நிறுவினார். 1989-இல் ஓர் ஆய்விதழ். யூட்டா பல்கலைக்கழகத்திலும், 1981 முதல் 1995-இல் ஓய்வு பெறும்வரை டெட்ராய்ட்டின் வெயின் அரசுப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1998-இல் அமெரிக்கச் செவிலியக் கழகம் அவரை 'வாழும் சரித்திரம்' என்று சிறப்பித்தது. 2012 ஆகஸ்ட் 10 அன்று, 87-ஆம் வயதில் ஒமாஹாவில் காலமானார்.

சரி, அவர் சொன்னதுதான் என்ன?

ஒவ்வொரு நோயாளியிடமும் இரண்டு வகைப் பராமரிப்பு வந்து சேருகிறது என்பார். ஒன்று வீட்டிலும் ஊரிலும் தலைமுறை தலைமுறையாக வந்தது: கைவைத்தியம், பத்தியம், செபம், நேர்ச்சை, பக்கத்தில் இருந்து தலையைக் கோதும் அம்மாவின் கை. மற்றொன்று படித்துப் பெற்றது: மருத்துவர், செவிலியர், மருந்து, ஊசி. இவை ஒன்றையொன்று அறியாமல் இருந்தால் நடுவில் நோயாளி நசுங்குவார். ஆகவே செவிலியர் முதலில் நோயாளியின் உலகத்தை அறிய வேண்டும். அவருடைய சமயமும் வாழ்க்கை நோக்கும், உறவுகள், வருமானம், கல்வி, சட்டமும் அரசியலும், பழக்கவழக்கங்கள் எல்லாவற்றையும் சூரிய உதயம் போன்ற ஒரு வரைபடத்தில் அவர் அடுக்கிக் காட்டினார். சமயம் அதில் ஓரமாக ஒட்டப்பட்டது அல்ல, கதிர்களில் ஒன்று.

அறிந்தபின் செய்வதற்கு மூன்று வழிகள். நன்மை தருவதை அப்படியே காப்பது. சிகிச்சைக்கு ஏற்றபடி கொஞ்சம் விட்டுக்கொடுத்து இணக்கம் காண்பது. தீங்கு செய்வதை, அந்த நபரோடு சேர்ந்தே, மாற்றி அமைப்பது. கேட்பதற்கு எளிது. நடைமுறையில் எப்படி என்று பார்ப்போம்.

காப்பது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் செபமாலை, வாரந்தோறும் நற்கருணை, அருட்தந்தையின் சந்திப்பு, பிடித்த புனிதரின் படம். இதனால் யாருக்கும் கேடில்லை, நோயாளிக்கோ பெரும் பலம்.

இணக்கம் காண்பது என்பதற்குத் தவக்காலத்தை எடுத்துக்கொள்வோம். மனநிலை ஒருநேரம் எல்லை மீறிய உற்சாகத்திலும் மறுநேரம் ஆழ்ந்த சோர்விலும் ஊசலாடும் இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்து தருகிறார்கள். நல்ல மருந்து. ஆனால் அதன் அளவு இரத்தத்தில் சிறிது கூடினாலும் நச்சாகிவிடும். தண்ணீர் குடிக்காமல் ஒருசந்தி இருந்தாலோ, உப்பைத் திடீரென்று நிறுத்தினாலோ அந்த அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, நாக்குழறல், குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பக்தியோடு நோன்பிருக்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், மருந்தால் வந்த கேடு என்று குடும்பம் நினைக்கும், மருந்தை நிறுத்திவிடும். செவிலியர் முன்கூட்டியே "நீங்கள் ஒருசந்தி இருப்பீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். திருச்சபையும் நோயாளரை நோன்புக் கடமையால் கட்டுவதில்லை. நற்கருணை உட்கொள்ளும்முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற விதியிலிருந்தும் முதியோருக்கும் நோயாளருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும்கூட விலக்கு உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. உணவு மறுப்பதற்குப் பதிலாக வேறொரு தவமுயற்சியைப் பங்குத்தந்தை பரிந்துரைத்தால், அந்த நோயாளி மனச்சான்றும் உறுத்தாமல், உடலும் கெடாமல் தவக்காலத்தைக் கடப்பார்.

ஒப்புரவு அருளடையாளத்தைச் சுற்றி எழும் ஒரு துன்பமும் இதே வகை. மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, சரியாகச் சொல்லவில்லையோ என்று ஓயாமல் ஐயுறுவது, ஒரே செபத்தை மனத்திற்கு நிறைவாகும்வரை பத்து, இருபது முறை சொல்வது. இதைப் பக்தி என்று பாராட்டுவோரும் உண்டு. மருத்துவம் இதை எண்ணச் சுழல் நோயின் ஒரு வடிவமாகப் பார்க்கிறது. திருச்சபை மரபு இதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே ஐயுறு மனச்சான்று என்று பெயரிட்டது. 1522-இல் மன்ரேசாவில் புனித இஞ்ஞாசியார் இதனால் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்கு வதைபட்டார். அன்று அவருடைய ஆன்ம குரு, பழைய பாவங்களை மீண்டும் கிளற வேண்டாம் என்று கட்டளையிட்டதை நினைவுகூர்வது நல்லது. இன்று இப்படித் துன்புறுவோருக்கு எல்லாக் குருக்களிடமும் மாறி மாறிப் போகாமல் ஒரே ஒரு குருவிடம் போவது, அந்தக் குருவும் மருத்துவரும் (நோயாளியின் சம்மதத்தோடு) ஒரே திசையில் பேசுவது ஆகியவை பெரிதும் உதவும். இரு பக்கமும் இரு விதமாகப் பேசினால் நோய் வளரும்.

மூன்றாவது வழிதான் கடினமானது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாளை நாம் மறந்திருக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினர். இறந்தவர்கள் 28 பேர். தர்காவின் மீதிருந்த நம்பிக்கையால்தான் குடும்பங்கள் அவர்களை அங்கே கொண்டுவந்தன. கொன்றது அந்த நம்பிக்கை அல்ல, சங்கிலி. இது ஒரு சமயத்தின் குறை என்று நாம் விரல் நீட்ட வேண்டியதில்லை. சங்கிலி எல்லாச் சமயத்தாரிடமும் இருந்தது. எந்த வடிவில் சங்கிலியிடுவதையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் வழிபாட்டிடத்திற்குப் போகாதே என்று சொன்னால் மக்கள் கேட்பார்களா? குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாத்தார் தர்காவில் வேறு வழி கண்டார்கள். வழிபாடு நடக்கும் வளாகத்திலேயே மனநல மருத்துவரும் அமர்ந்தார். மருந்தும் மன்றாட்டும் என்ற பொருளில் 'தவா-துவா' என்று பெயர். பின்பு ஏர்வாடியிலும் இம்முறை வந்தது. லைனிங்கரின் பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்ன மூன்று வழிகளும் அந்த ஓர் ஏற்பாட்டில் இருக்கின்றன: மன்றாட்டு காக்கப்பட்டது, மருத்துவம் இணங்கி உள்ளே வந்தது, சங்கிலி விலக்கப்பட்டது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு துயரமான சாட்சி உண்டு. கலிபோர்னியாவின் மெர்செட் நகரில், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனத்துப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை லியா லீ. அவளுக்கு வலிப்பு. அவளுடைய ஆன்மா உடலை விட்டு அகன்றுவிட்டது என்று பெற்றோர் நம்பினர். மருத்துவர்களோ மூளையின் மின்னோட்டக் கோளாறு என்றனர். மருந்துகள் அடிக்கடி மாற்றப்பட்டன. படிக்கத் தெரியாத பெற்றோர் சரியாகக் கொடுக்கவில்லை. குழந்தையைச் சிலகாலம் பெற்றோரிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். இரு தரப்பும் அவளை நேசித்தவர்களே. 1986-இல் ஏற்பட்ட பெரும் வலிப்புக்குப் பின் அவள் நினைவு திரும்பவே இல்லை. அந்நிலையிலேயே 26 ஆண்டுகள் தாயின் பராமரிப்பில் வாழ்ந்து 2012-இல் இறந்தாள். ஆன் ஃபாடிமன் 1997-இல் இதை நூலாக எழுதிய பிறகு, மருத்துவ, செவிலிய மாணவர்கள் பலருக்கும் இது பாடமாயிற்று.

மனநல மருத்துவமும் மெல்ல மாறியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க்கணிப்புக் கையேட்டின் 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில், சமய அல்லது ஆன்மீகச் சிக்கல் என்பதை மனநோய் அல்லாத, ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்றாகச் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் பண்பாட்டை அறிவதற்கான 16 கேள்விகள் இடம்பெற்றன. உங்கள் துன்பத்தை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள், அது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், உங்கள் வீட்டார் என்ன நினைக்கிறார்கள், எது ஆறுதலாக இருந்தது, யாரிடம் உதவி தேடினீர்கள் என்ற போக்கில் அவை செல்கின்றன. பண்பாட்டை அறியாதவர் எதையெல்லாம் நோய் என்று நினைத்துவிடக்கூடும் என்பதற்கு ஒரு சான்று: துணையை இழந்தவர்களை வேல்ஸ் நாட்டில் மருத்துவர் டூவி ரீஸ் சந்தித்துப் பேசி 1971-இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்த கணவரோ மனைவியோ அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவும், சிலர் குரல் கேட்டதாகவும் சொன்னார்கள். அவர்கள் மனநோயாளிகள் அல்லர். துக்கத்தில் இருந்தவர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் பக்தி என்று சொல்லி நோயைத் தவற விடுவது. செபக்குழுவில் பரவசமாகப் பேசுவது அந்தக் குழுவில் இயல்பு. ஆனால் அதே குழுவினரே, "இவர் முன்போல் இல்லை, எங்களைப் போலவும் இல்லை, நான்கு நாளாய்த் தூங்கவில்லை, தனக்கு மட்டும் ஆணை வருகிறது என்கிறார்" என்று சொன்னால் அது மருத்துவரைத் தேட வேண்டிய நேரம். கடும் மனச்சோர்வில் இருப்பவர், தான் மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டதாக உறுதியாக நம்பக்கூடும். எத்தனை முறை பாவமன்னிப்புப் பெற்றாலும் அந்த நம்பிக்கை அசையாது. அவருக்கு நம்பிக்கை குறைவு என்று கடிந்துகொள்வது கொடுமை. சிகிச்சையில் அந்தக் குற்ற உணர்வு தானாகவே கரைவதைக் காணலாம்.

லைனிங்கரின் கோட்பாட்டில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நியூசிலாந்தின் மாவோரி இனச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வலுவான கேள்வி எழுப்பினார். பிறர் பண்பாட்டைச் செவிலியர் படித்துத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது. தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் தன் முற்சாய்வுகளையும் அவர் முதலில் பார்க்க வேண்டும், கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பானதா என்று சொல்ல வேண்டியவர் நோயாளியே என்றார். அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 1992-இல் இதைப் பயிற்சியில் சேர்த்தது. எனக்கு இந்த விமர்சனம் நியாயமாகவே படுகிறது. "மோங் இனத்தார் இப்படித்தான், கத்தோலிக்கர் அப்படித்தான்" என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால், கேட்காமலேயே தெரிந்துவிட்டதாக நினைப்போம். நம் பங்கிலேயே இரண்டு கத்தோலிக்கர் ஒரே மாதிரியாகச் செபிப்பதில்லையே!

திருச்சபையின் நிலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. செபமா, மருந்தா என்ற சண்டை நம் விசுவாசத்திலிருந்து வருவது அல்ல. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவர் படைத்ததாகவே பேசுகிறது. அதே அதிகாரம் நோயாளியைச் செபிக்கவும் சொல்கிறது. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரை அல்ல. அப்பம், தண்ணீர், உறக்கம். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவைக் கண்ட இயேசு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்த பிறகே குணமளித்தார். கண் தெரியாதவருக்கு வேறென்ன வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றலாம், அவரோ கேட்டார். பேயோட்டும் சடங்கு தொடங்குமுன் அது நோய் அல்ல என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி (எண் 1673) சொல்கிறது. 1999-இல் வெளியான திருத்தப்பட்ட சடங்குமுறை, தேவைப்படும்போது மருத்துவ, மனநல வல்லுநர்களைக் கலந்தாலோசிக்கவும் கேட்கிறது. 2006-ஆம் ஆண்டு அடிலெய்டு நகரில் சிறப்பிக்கப்பட்ட 14-வது உலக நோயாளர் நாளுக்குத் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் மனநோயாளர்களையே கருப்பொருளாகத் தேர்ந்தார்.

நோயாளருக்கு நற்கருணை எடுத்துச் செல்வோரும் அன்பியப் பொறுப்பாளர்களும் இத்தகைய இல்லங்களுக்குப் போகும்போது, நாம் பேசுவதைச் சற்றுக் குறைத்து, நோயுற்றவரிடமே அவருக்கு எது ஆறுதல் தருகிறது, எது அச்சம் தருகிறது என்று கேட்கலாம். அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை நிறுத்தும்படி யார் சொன்னாலும், செபக்கூட்டத்தில் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லலாம். மருத்துவரிடம் போகும்போது நோன்பு, நேர்ச்சை, திருப்பயணம், வீட்டில் கொடுக்கும் நாட்டு மருந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லச் செய்யலாம். யாரேனும் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். இந்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கும்படி உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.